இரும்புக் கையை வரைந்த கை

படித்த குடும்பம் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளில், பரணை ஒரு முறை துழாவினால், ஒரு பைண்டுப் புத்தகமாவது அகப்படாமல் போகாது. 1950-ஆம் வருஷம் தொடங்கிக் 'கல்கி'யில் வாராவாரம் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, கோந்து தடவி, காலிகோ ஒட்டி, பெட்டியில் பூட்டி வைத்த பாட்டிமார்கள் நமது நாட்டில் எத்தனையோ பேர். அந்தப் பைண்டை விரித்து, "இந்த வந்தியத்தேவனை வரைந்தது யார், பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "மணியம்" என்ற பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்து விழும். கோபுலு, சில்பி என்ற பெயர்களும் அப்படியே. சித்திரத்தின் மூலையில் போட்ட கையெழுத்தைப் பார்க்காமலே, கோட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடும் ரஸிகர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அதே பரணின் இன்னொரு மூலையில் வேறொரு கட்டு கிடக்கும். சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பழைய வேட்டித் துணியால் சுற்றியது. இந்தக் கட்டைப் பற்றி விருந்தாளிகளிடம் யாரும் பேசுவதில்லை. பெற்றோர் கண்ணில் படாமல் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவை அவை. வகுப்பில் பிடிபட்டால் உபாத்தியாயர் பறிமுதல் செய்வார். செய்த பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவரே ஒரே மூச்சில் படித்து முடிப்பார். நாமும் உபாத்தியாயர் வர்க்கத்தைச் சேர்ந்தவர்தாம். ஆகையால் இந்த இரகசியத்தை வெளியிட நமக்குப் பூரண உரிமை உண்டு.

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்ற சித்திரக்கதைப் புத்தகங்களைத்தான் சொல்கிறோம். 1972-இல் சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1984-இல், அவருடைய புதல்வர் விஜயன் அவர்கள் இன்னும் இருபது வயது நிரம்பாத பருவத்தில் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். ராணி காமிக்ஸும் அதே 1984-இல் பிறந்து, 2005 வரையில் வெளிவந்து நின்றது. முத்துவும் லயனும் நடுவே தளர்ந்து, 2012-இல் புத்துயிர் பெற்று, 2022-இல் முத்து தன் பொன்விழாவையே கொண்டாடிவிட்டது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கிய இந்தப் புத்தகங்களை இன்று தேடி அலைகிறவர்கள், நரைத்த மீசையும் மூக்குக் கண்ணாடியும் உடைய கனவான்கள்!

இரும்புக்கை மாயாவியின் கதையை அறியாத இளைய தலைமுறைக்காக நாலு வரி: லூயிஸ் கிராண்டல் என்பவன் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். ஆய்வுக்கூட விபத்து ஒன்றில் வலது கையை இழந்து, அதற்குப் பதிலாக எஃகினால் ஆன கையைப் பொருத்திக்கொண்டவன். பின்னர் நேர்ந்த மற்றொரு விபத்தில் அவன் உடம்பில் கடுமையான மின்சாரம் பாய்கிறது. உடல் முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோக, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. முதலில் திருடனாகவும் ஊரை மிரட்டுகிறவனாகவும் திரிந்தவன், பிற்பாடு நல்வழிக்குத் திரும்பி, ஓர் இரகசியப் படையின் உளவாளியாகிறான்.

ஆங்கில மூலத்தின் பெயரை நேராகத் தமிழாக்கினால் 'எஃகு நகம்' என்றுதான் வரும். 'இரும்புக்கை மாயாவி' என்று சூட்டினவருக்குத் தமிழ்ச் செவி இருந்தது. லூயிஸ் கிராண்டல் நாக்கில் தங்கவில்லை, மாயாவி தங்கிவிட்டார். இத்தனைக்கும் பின்னாளில் ராணி காமிக்ஸில் லீ ஃபாக்கின் 'ஃபேண்டம்' கூட 'முகமூடி வீரர் மாயாவி' என்ற பெயரோடு வந்து குழப்பினார். எங்கள் பக்கத்தில் 'மாயாவி' என்றால் "எந்த மாயாவிங்க, கையா, முகமூடியா?" என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்வது வழக்கம்.

நிற்க. வெள்ளகோவிலில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கோயமுத்தூர் – கரூர்ச் சாலையில் காங்கேயத்தைத் தாண்டி வருகிறவர்கள், காற்றில் எண்ணெய்ப் பிண்ணாக்கு மணம் வீசத் தொடங்கியதும் வெள்ளகோவில் வந்துவிட்டது என்று கண்டுகொள்ளலாம். நண்பர் அப்படிப்பட்ட எண்ணெய் மில் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் நண்பர் என்றே குறிப்பிடுவோம். அவரிடம் நான்கு டிரங்குப் பெட்டிகள் உண்டு. நான்கிலும் சித்திரக்கதைகள். மூடியைத் திறந்தால் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கலந்த ஒரு நெடி எழும். கரையானும் இராமபாணப் பூச்சியும் அந்த நெடிக்கு அஞ்சுகின்றன என்பது அவருடைய சித்தாந்தம். நாற்பது வருஷமாகப் புத்தகங்கள் பிழைத்திருப்பதைப் பார்த்தால் சித்தாந்தத்தில் பழுதில்லை.

ஒவ்வொரு புத்தகத்தின் உள் அட்டையிலும் தம் விலாசத்தை மசியால் எழுதி வைத்திருக்கிறார். இதிலே ஒரு வேடிக்கை. ஆரம்பப் புத்தகங்களில் 'கோயமுத்தூர் மாவட்டம்' என்றிருக்கும். 1979-க்குப் பிறகு வாங்கியவற்றில் 'பெரியார் மாவட்டம்'. 1996-க்குப் பிறகு 'ஈரோடு மாவட்டம்'. 2009-க்குப் பின் வந்தவற்றில் 'திருப்பூர் மாவட்டம்'. மனிதர் ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்க, மாவட்டம் மட்டும் மூன்று தடவை அவரைக் கடந்து போயிருக்கிறது! அட்டை கிழிந்து மாதமும் வருஷமும் போய்விட்ட பிரதிகளின் காலத்தை இந்த விலாசத்தைக் கொண்டே உத்தேசமாக நிர்ணயித்துவிடுகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு இந்தப் பெட்டிகளுக்கு ஓர் அட்டவணை தயாரிக்கத் தொடங்கினோம். இதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறோம். இதழின் எண், மாதம், கதையின் பெயர், விலை என்று பத்திகள் வகுத்துக் கொடுத்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஐயா, ஓவியர் பெயருக்கு ஒரு கட்டம் போடலையே?" என்றான். கட்டம் போட்டோம். பிறகு அதை நிரப்புவதற்காகப் பையன்கள் புத்தகங்களை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை புரட்டினார்கள். அச்சகத்தின் பெயர் இருந்தது. பிரசுரித்தவர் பெயர் இருந்தது. விலை இருந்தது, சந்தா விவரம் இருந்தது, பட்டாசு விளம்பரம்கூட இருந்தது. வரைந்தவர் பெயர் மட்டும் பெட்டி பெட்டியாகத் தேடியும் அகப்படவில்லை.

இதற்குச் சிவகாசியைக் குறை கூறுவது நியாயமாகாது. மூலத்திலேயே பெயர் இல்லை. இந்தக் கதைகள் பிறந்த இங்கிலாந்துப் பத்திரிகைகளில், 'வேலியண்ட்', 'லயன்' போன்றவற்றில், சித்திரக்காரரின் பெயரையும் கதாசிரியரின் பெயரையும் அச்சிடுவதில்லை என்பது அந்நாளைய வழக்கம். பெயர் தெரிந்தால் போட்டிப் பத்திரிகைக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். வாசகர்களிடம் கீர்த்தி வந்துவிட்டால் ஓவியன் கூலியை உயர்த்திக் கேட்பான். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணத்தைக் கொடுத்துச் சகல உரிமைகளையும் வாங்கிக்கொள்வதோடு கணக்குத் தீர்ந்தது. வரைந்த மூலப்படங்களும் ஓவியருக்குத் திரும்புவதில்லை. பின்னாளில் அவற்றில் ஏராளமானவை குப்பையோடு குப்பையாய்ப் போயின.

அப்படியானால் இரும்புக் கையை வரைந்த கை யாருடையது? பார்சிலோனா நகரத்துக்காரர் ஹெஸூஸ் பிளாஸ்கோவுடையது. 1919-இல் பிறந்தவர். பதினாறு வயதிலேயே 'கூத்தோ' என்ற சிறுவனைக் கதாநாயகனாக்கி ஸ்பெயின் தேசத்துக் குழந்தைகளின் உள்ளத்தில் இடம் பிடித்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று, தோல்விக்குப் பின் பிரான்ஸில் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். ஊர் திரும்பித் தூரிகையைக் கையிலெடுத்துச் சகோதரர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பத் தொழிலாகவே சித்திரக்கதையை நடத்தினார். 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' பத்திரிகையின் முதல் இதழிலேயே இரும்புக்கை தோன்றிற்று. கதை எழுதியவர் கென் புல்மர். அவருக்குப் பிறகு டாம் டல்லி. ஸ்பெயினில் கூலி குறைவு, கைத்திறன் அதிகம். ஆகவே லண்டன் பிரசுரகர்த்தர்கள் அந்த நாட்டு ஓவியர்களை நாடினார்கள். பிளாஸ்கோ 1995-இல் காலமானார்.

அவருக்கு முன் வைக்கப்பட்ட பணியைச் சற்றே யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மனிதனை வரைய வேண்டும்! கதாநாயகனுக்கு முகமில்லை, உடம்பில்லை, நிழலில்லை. இருப்பது மணிக்கட்டோடு நின்றுவிட்ட ஓர் இரும்புக் கை. அந்தக் கை கோபப்பட வேண்டும், தயங்க வேண்டும், பூட்டிய கதவை ஓசைப்படாமல் திறக்க வேண்டும். பிளாஸ்கோ விரல்களின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக அசைத்துக் காட்டினார். பரதநாட்டியத்தில் ஹஸ்தம் பேசுமென்று கேட்டிருக்கிறோமல்லவா, அது போல. கை பேசாத இடத்தில் சுற்றி நிற்பவர்கள் பேசினார்கள். காவற்காரனின் பிதுங்கிய விழி, திறந்தபடியே நின்றுவிட்ட வாய், சுவரில் விழும் துப்பாக்கியின் நிழல் ஆகிய இவற்றைப் பார்த்துத்தான் மாயாவி அறைக்குள் எங்கே நிற்கிறாரென்று வாசகர்கள் தெரிந்துகொண்டார்கள். கறுப்பு மசியைத் தாராளமாக அப்பி இருட்டை உண்டாக்கி, அதன் நடுவே வெளிச்சத்தைக் கத்தி போல் வெட்டி விடுவார். நாட்பட்ட மட்டக் காகிதத்திலும் அந்த இருட்டு இன்னும் கலையவில்லை. நம் பையன்கள் ஓவியர் பெயர் தெரியாமலே, "இது வேற கை வரைஞ்சதுங்க, ஐயா" என்று இரண்டொரு கதைகளை ஒதுக்கி வைத்தார்கள். மணியத்தின் கோட்டைக் கண்டுபிடித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளல்லவா?

லயன் காமிக்ஸின் ஸ்பைடருடைய கதை இதைவிட விசித்திரம். கூர்ங்காதும் கறுப்பு உடையும் தரித்து, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாகக் கிளம்பி, பிறகு குற்றங்களை அடக்கும் வீரனாக மாறிய ஸ்பைடரை 1980-களில் தமிழ்ப் பையன்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதை வரைந்தவர் இங்கிலாந்தின் ரெக் பன். நெருக்கமான மெல்லிய கோடுகளை நெசவு போல் ஊடும்பாவுமாய் இழைத்து நிழல் கட்டுவது அவர் பாணி. கைத்தறி ஓடும் ஊரில் இதை விளக்குவது சுலபமாக இருந்தது. 1965-இல் டெட் கோவன் எழுதத் தொடங்கிய இந்தக் கதையைச் சீக்கிரமே வேறொருவர் ஏற்று எழுதினார். அவர் பெயர் ஜெர்ரி சீகல்.

ஆம், சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! அவரும் சித்திரக்காரர் ஜோ ஷஸ்டரும் 1938-இல் சூப்பர்மேனுடைய உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் கதாநாயகன் ஆகாயத்தில் பறந்தான்; கோடி கோடியாய்ச் சம்பாதித்தான்; படைத்தவர்கள் வழக்கு மன்றத்துக்கும் வீட்டுக்குமாய் நடந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில்தான் கடல் கடந்த பத்திரிகைக்கு, பெயர் போடாமல், சீகல் ஸ்பைடரை எழுதினார். கடைசியில் 1975-இல், ஓவியர்களும் பத்திரிகைகளும் எழுப்பிய கூச்சலுக்குப் பிறகு, இருவருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகையும், 'படைத்தவர்கள்' என்று பெயர் அச்சிடும் உரிமையும் கிடைத்தன. அப்போது ஷஸ்டருக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய அந்த 1938-ஆம் வருஷ இதழின் விலை 10 சென்ட். அதன் ஒரு பிரதி 2024-இல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிரதிகளுக்குத் தரமதிப்பு எண் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து முத்திரையிட்டு விடுகிறார்கள். திறந்தால் மதிப்புப் போயிற்று. படிக்க முடியாத புத்தகத்தைச் சேகரிப்பதென்பது, நமது அபிப்பிராயத்தில், பூட்டிய சமையலறைக்கு முன் இலை போட்டு உட்காருவதற்குச் சமானம். நம் நாட்டிலும் ஆரம்ப கால முத்து காமிக்ஸ் பிரதிகளுக்கு ஆயிரக்கணக்கில் விலை கேட்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் ஏற்பட்டுவிட்டார்கள்.

இங்கேதான் அட்டவணை தயாரித்ததற்கான காரணம் வருகிறது. நண்பரின் மகன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார். பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். புது வீட்டில் பரண் இல்லையாம்! பெட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார்; நாற்பது புத்தகங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணிசமான தொகை சொன்னார். மற்றவற்றை எடைக்குப் போட்டுவிடலாம் என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

"கறவைய மட்டும் ஓட்டிக்கறேன், கன்னுக்குட்டி வேண்டாங்கறாருங்க வாத்தியாரே. கண்ணபுரம் சந்தையில கூட இப்புடி வெல பேச மாட்டாங்க" என்றார் நண்பர்.

மகன் கெட்டவரல்லர். "அப்பாவுக்கு மருந்துச் செலவு இருக்குதுங்க, ஐயா" என்று அவர் சொன்னபோது நம்மால் பதில் பேச முடியவில்லை. பரண் நிறையக் காகிதத்தை வைத்துக்கொண்டு மருந்துக்கு என்ன செய்வது? ஆயினும் நாற்பதை உருவிய பிறகு மிஞ்சுவது தொகுப்பாகாது. இரண்டாந்தரக் கதைகள், விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள், விலை ஏறி வந்த வரலாறு இவையெல்லாம் வரிசையில் இருந்தால்தான் பேசும். விற்பதானாலும் மொத்தமாக, முறையாகப் பராமரிக்கக்கூடிய ஒருவருக்கோ நூலகத்துக்கோ விற்பது. அதற்கு முதலில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டும் என்ற மட்டில் தந்தையும் மகனும் ஒப்பினார்கள். தைக்குள் வேலை முடிய வேண்டும்.

அயல்நாட்டுச் சரக்குக்கு இவ்வளவு பாடா என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சித்திரம் அயல்நாட்டுடையது, ஆனால் அந்தப் பாத்திரங்களின் வாயருகே முட்டை வடிவில் ஒரு கூடு இருக்கிறதே, தொழிலில் 'பலூன்' என்பார்கள், அதற்குள்ளிருந்த ஆங்கிலத்தை நீக்கிவிட்டுப் பேனாவால் பொடி எழுத்தாகத் தமிழை நிரப்பினவர்கள் நம்மவர்கள். ஆங்கிலத்துக்கென்று அளந்த கூட்டுக்குள் தமிழை அடைப்பது எத்தனை சிரமமென்று, தேர்வுத் தாளின் கோடிட்ட இடத்தில் 'திருவனந்தபுரம்' எழுத முயன்ற எந்த மாணவனும் சொல்லுவான். முத்து காமிக்ஸின் ஆரம்ப ஆசிரியரான முல்லை தங்கராசன், சிவகாசியில் அட்டைப்படங்களைத் தீட்டிய மாலையப்பன் போன்ற சிலருடைய பெயர்கள் ரஸிகர்களிடையே வழங்குகின்றன. எழுத்து வரைந்தவர்களைப் பற்றி ஒன்றும் வழங்கவில்லை. 1960-இல் 'தினத்தந்தி'யில் தொடங்கி இன்னும் கரை சேராமல் மிதந்துகொண்டிருக்கும் 'கன்னித்தீ'வை முதலில் வரைந்த கணுவின் பெயரைத் தேநீர்க் கடையில் எத்தனை பேர் அறிவார்கள்? சிந்துபாத்தை அறியாதவர் இல்லை. ஆக, பெயரை விட்டுவிடும் இந்தப் பழக்கம் லண்டன்காரர்களின் தனிச் சொத்தன்று.

இந்தப் புத்தகங்களுக்கு ஆயுள் குறைவு. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் வெளிச்சமும் காற்றும் பட்டால் தானே பழுத்து, ஓரம் நொறுங்கும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது பழைய புத்தகங்கள் எத்தனையோ சாம்பலாயின. நமது ஊர்களில் தீ வேண்டியதில்லை. பழைய பேப்பர்க் கடைத் தராசு போதும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் எப்போதாவது ஒன்றிரண்டு தலைகாட்டுகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு நண்பரின் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்: கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷங்களில் அது பழுப்பேறிக் காகிதத்தையும் தின்றுவிடும். துருப்பிடித்த பின்னை மெதுவாக நீக்கிப் பருத்தி நூலால் தைக்கலாம். நிறுத்தி வைக்காமல் படுக்க வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்காமல், தை, மாசி வெயில் நாளில் நிழலில் காற்றாட விட வேண்டும். பைண்டு செய்வது மாத்திரம் கூடாது. பைண்டர் ஓரத்தை அறுத்தால் சித்திரத்தின் ஓரமும் கூடவே போகும்.

பெயர்க் கட்டத்துக்கு வருவோம். 2018-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள ரெபெலியன் என்ற நிறுவனம் அந்தப் பழைய இங்கிலாந்துச் சித்திரக்கதைகளின் உரிமையை வாங்கி, இரும்புக்கையையும் ஸ்பைடரையும் புத்தகமாகப் பிரசுரித்திருக்கிறது. இம்முறை வரைந்தவர், எழுதியவர் பெயர்கள் அட்டையிலேயே இருக்கின்றன. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி முத்து, லயன் வாசகர்கள் கூடுவதுண்டு. இவற்றையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் ரஸிகர்கள் அங்கே உண்டு. அவர்களைக் கேட்டும், படங்களை ஒப்பிட்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் பையன்கள் கட்டங்களை நிரப்பி வருகிறார்கள். இரண்டு பெட்டி முடிந்திருக்கிறது. முதல் நாள் கட்டம் கேட்ட பையன்தான் எழுதுபவன். பிளாஸ்கோவின் முதற்பெயரை எப்படி எழுதுவது என்று அவனுக்குச் சந்தேகம். ஸ்பெயின் தேசத்தார் ஏசுநாதரின் பெயரைக் குழந்தைகளுக்கு இடுவார்கள், ஆனால் 'ஹெஸூஸ்' என்று உச்சரிப்பார்கள் என்று சொன்னோம். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டத்துக்குள் அடங்காததால் எழுத்தைப் பொடியாக்கி, இரண்டு வரியாக எழுதினான்.